நல்லா ஓடுற லேப்டாப்பை ஏன் மாத்தணும்? - விண்டோஸ் 10 முடிவும் லினக்ஸ் வழியும்

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. ‘உங்கள் கணினி விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறவில்லை’ என்ற அறிவிப்பைப் பார்த்துவிட்டு சர்வீஸ் கடைக்குப் போகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: ‘நல்லாத்தானே ஓடிக்கிட்டிருக்கு, இதை எதுக்கு மாத்தணும்?’

நியாயமான கேள்வி. அந்த லேப்டாப்பில் எந்தப் பாகமும் பழுதாகவில்லை. மென்பொருளை எழுதிய நிறுவனம் ‘இனி கவனிக்க மாட்டேன்’ என்று முடிவெடுத்துவிட்டது, அவ்வளவுதான். கணினிச் சந்தையைக் கண்காணிக்கும் கேனலிஸ் நிறுவனம், இந்த முடிவால் உலகம் முழுக்க சுமார் 24 கோடி கணினிகள் குப்பைக்குப் போகக்கூடும் என்று 2023 டிசம்பரிலேயே கணித்தது. காசு போட்டு வாங்கிய பொருள் எத்தனை வருஷம் உழைக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது யார், வாங்கியவரா, விற்றவரா? விண்டோஸ் 10 விவகாரத்தின் மையம் இதுதான்.

என்னதான் நடந்தது?

விண்டோஸ் 10 வெளியானது 2015 ஜூலை 29-ஆம் தேதி. விண்டோஸ் 7, 8.1 வைத்திருந்தவர்களுக்கு முதல் ஓராண்டு இலவசமாகவே கொடுத்தார்கள். ‘விண்டோஸில் இதுதான் கடைசிப் பதிப்பு, இனி இதையே மெருகேற்றிக்கொண்டிருப்போம்’ என்ற பொருளில் மைக்ரோசாஃப்ட் ஊழியர் ஒருவர் அந்த ஆண்டு மேடையில் பேசியது பெரிய செய்தியானது. ஆனால், 2021 அக்டோபர் 5 அன்று விண்டோஸ் 11 வந்தது. அப்போதே விண்டோஸ் 10-க்கு நாள் குறிக்கப்பட்டுவிட்டது.

ஆதரவு முடிந்துவிட்டது என்றால் கணினி நின்றுவிடும் என்று பொருளல்ல. விண்டோஸ் 10 வழக்கம்போல் ஓடும். கோப்புகள் எங்கும் போகாது. நின்றுபோனது மாதாமாதம் வந்துகொண்டிருந்த பாதுகாப்பு அப்டேட் மட்டும்தான். அந்த ‘மட்டும்’தான் சிக்கல்.

அப்டேட் நின்றால் என்ன ஆகிவிடும்?

ஓர் இயங்குதளம் பல கோடி வரி நிரல்களால் ஆனது. அதில் ஓட்டைகள் இருந்துகொண்டேதான் இருக்கும். ஓட்டையைக் கண்டுபிடிப்பதும் அடைப்பதும் முடிவில்லாத வேலை. அடைப்பவர் வேலையை நிறுத்திவிட்டாலும், கண்டுபிடிப்பவர் நிறுத்த மாட்டார்.

2017 மே மாதம் பரவிய ‘வான்னாக்ரை’ இதற்குப் பாடம். கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்ட அந்த வைரஸ், சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் அதிகமான கணினிகளைத் தாக்கியது. பிரிட்டன் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. திருமலை திருப்பதி தேவஸ்தான அலுவலகக் கணினிகள் சிலவும் முடங்கியதாக அப்போது செய்தி வந்தது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதங்களுக்கு முன்பே வெளியிட்டிருந்தது. பாதிக்கப்பட்டவர்கள், அதைப் போடாமல் விட்டவர்களும் அப்டேட் நிறுத்தப்பட்ட பழைய விண்டோஸை ஓட்டியவர்களும்தான். 2014-லேயே கைவிடப்பட்ட விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூட விதிவிலக்காக ஓர் அப்டேட் கொடுக்க வேண்டிய நிலை வந்தது.

படம் பார்க்க மட்டும் பயன்படும், இணையமே இல்லாத கணினி என்றால் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். நெட் பேங்கிங், ஜிஎஸ்டி, பிள்ளைகளின் கல்விக் கட்டணம் எல்லாம் அதே லேப்டாப்பில்தான் என்றால், ‘பார்த்துக்கலாம்’ என்று விடக் கூடாது.

விண்டோஸ் 11-க்கு மாற முடியாதா?

முடிந்தவர்களுக்கு அது இலவசம். ஆனால், எல்லா கணினியாலும் முடியாது. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் இரண்டு முக்கிய நிபந்தனைகளை வைத்திருக்கிறது. ஒன்று, ‘டிபிஎம் 2.0’ என்ற பாதுகாப்பு வசதி. பாஸ்வேர்டு, குறியாக்கச் சாவி போன்றவற்றைத் தனியாகப் பூட்டிவைக்கும் சிப் இது. இன்னொன்று, பிராசஸர். இன்டெல் என்றால், சில விதிவிலக்குகள் தவிர, 8-ஆம் தலைமுறையோ அதற்குப் பிறகு வந்ததோ இருக்க வேண்டும்.

இன்டெல் 8-ஆம் தலைமுறை சந்தைக்கு வந்தது 2017-இன் பிற்பகுதியில். அதற்கு முன்பு வாங்கிய லேப்டாப் ஏறக்குறைய எல்லாமே அவுட். கடையில் தேங்கிய பழைய மாடலை 2018-இல் தள்ளுபடியில் வாங்கியவர்களும் அவுட். லேப்டாப்பில் ஒட்டியிருக்கும் எண்ணைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்: ‘ஐ5-7200’ என்றால் 7-ஆம் தலைமுறை, ‘ஐ5-8250’ என்றால் 8-ஆம் தலைமுறை. மைக்ரோசாஃப்டின் ‘பிசி ஹெல்த் செக்’ என்ற இலவசச் செயலியும் சொல்லிவிடும். சில கணினிகளில் டிபிஎம் வசதி இருந்தும், பயோஸ் அமைப்பில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். ‘தகுதியில்லை’ என்று வந்தால், முதலில் இதைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

நிபந்தனையை ஏமாற்றி விண்டோஸ் 11 போட்டுத் தரும் கடைகளும் உண்டு. போட முடியும்தான். ஆனால், அப்படிப்பட்ட கணினிகளுக்கு அப்டேட் வரும் என்று உத்தரவாதம் இல்லை என மைக்ரோசாஃப்ட் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. எதற்காக மாறுகிறோமோ, அதற்கே உத்தரவாதம் இல்லை என்றால் மாறி என்ன பயன்?

ஓராண்டு அவகாசம் யாருக்கு?

எதிர்ப்பு கிளம்பியதும், வீட்டுப் பயனர்களுக்கு ஓராண்டு நீட்டிப்பு தருவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. இதன்படி 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். பெறுவதற்கு மூன்று வழிகள்: கணினியின் அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கில் பேக்கப் செய்ய ஒப்புக்கொள்வது, மைக்ரோசாஃப்ட் ரிவார்ட்ஸில் 1,000 புள்ளிகளைக் கொடுப்பது, அல்லது 30 டாலர் (சுமார் 2,600 ரூபாய்) கட்டுவது. எந்த வழியில் போனாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கு வேண்டும்.

ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் இருப்பவர்களுக்கு மட்டும் பேக்கப் நிபந்தனை இல்லாமலேயே இலவசம். அங்கே இருக்கும் நுகர்வோர் அமைப்புகள் விடாமல் கேட்டன, கிடைத்தது. நிறுவனங்களுக்கோ கணக்கே வேறு: ஒரு கணினிக்கு முதல் ஆண்டு 61 டாலர், அடுத்த ஆண்டு அதன் இரு மடங்கு, மூன்றாம் ஆண்டு அதற்கும் இரு மடங்கு. மூன்று ஆண்டுக்கும் சேர்த்து 427 டாலர். அந்தக் காசுக்குப் புது கணினியே வாங்கிவிடலாமே என்று தோன்றும். தோன்ற வேண்டும் என்பதுதான் அந்த விலையின் நோக்கமும்.

இங்கே லினக்ஸ் எப்படி வருகிறது?

விண்டோஸின் மூல நிரல் மைக்ரோசாஃப்டிடம் மட்டுமே இருக்கிறது. அவர்கள் நிறுத்தினால் வேறு யாரும் ஓட்டையை அடைக்க முடியாது. ஓபன் சோர்ஸ், அதாவது கட்டற்ற திறந்தமூல மென்பொருள், இதற்கு நேர்மாறு. நிரலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பகிரலாம். ஒரு குழு கைவிட்டாலும், இன்னொரு குழு எடுத்து நடத்தச் சட்டப்படி தடையில்லை.

1991-இல் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ், இந்த வகையில் மிகப் பெரிய வெற்றி. ‘அதெல்லாம் கம்ப்யூட்டர் படிச்சவங்களுக்கு’ என்று நினைப்பவர்களின் பாக்கெட்டிலேயே லினக்ஸ் இருக்கிறது. ஆண்ட்ராய்டு போன்கள் அனைத்தும் லினக்ஸ் கெர்னலின் மேல்தான் ஓடுகின்றன. உலகின் முதல் 500 சூப்பர் கணினிகளும் 2017 நவம்பரிலிருந்து லினக்ஸில்தான் இயங்குகின்றன. அது இதுவரை முழுதாக நுழையாத இடம், வீட்டு மேசைதான்.

அந்தக் கதவைத் தட்டத்தான் இப்போது முயல்கிறார்கள். கேடிஇ அமைப்பு ‘எண்ட் ஆஃப் 10’ என்ற பெயரில், பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட உதவும் தன்னார்வலர்களையும் கடைகளையும் ஒருங்கிணைத்தது. தோற்றத்தில் விண்டோஸை ஒத்திருக்கும் சோரின் ஓஎஸ், தனது 18-ஆம் பதிப்பை விண்டோஸ் 10 முடிந்த அதே நாளில் வெளியிட்டது. புதியவர்களுக்கு அதிகம் பரிந்துரைக்கப்படும் லினக்ஸ் மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் வரும். விலை, பூஜ்யம்.

இதில் ஒரு நல்ல வசதி, போட்டுப் பார்ப்பதற்கு முன்பே ஓட்டிப் பார்க்கலாம். பென் டிரைவில் லினக்ஸை ஏற்றி, அதிலிருந்தே கணினியைத் தொடங்கினால் போதும். உள்ளே இருக்கும் விண்டோஸும் கோப்புகளும் அப்படியே இருக்கும். வைஃபை, ஒலி, கேமரா, பிரின்டர் எல்லாம் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

தமிழில் எழுத முடியுமா?

முடியும். தமிழ்99 விசைப்பலகை அமைப்பு பிரபலமான லினக்ஸ் பதிப்புகளில் உள்ளேயே இருக்கிறது. கீபோர்டு அமைப்புகளில் போய்ச் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான். ‘அம்மா’ என்பதை ஆங்கில எழுத்துகளில் அடித்துப் பழகியவர்களுக்கு ஒலிபெயர்ப்பு முறையும் உண்டு. யூனிகோடு தமிழ் எழுத்துருக்களும் கூடவே வரும். எழுதுவதற்கும் கணக்குப் போடுவதற்கும் லிப்ரே ஆபீஸ் இருக்கிறது. அதன் மெனுக்களைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம்.

சிக்கல் பழைய கோப்புகளில்தான். யூனிகோடு வருவதற்கு முந்தைய எழுத்துருக்களில் செய்துவைத்த கோப்புகளை, அந்த எழுத்துருவை லினக்ஸில் சேர்த்துவிட்டால் திறந்து படிக்க முடியும். ஆனால், அவற்றோடு விற்கப்பட்ட தட்டச்சு மென்பொருள்கள் பெரும்பாலும் விண்டோஸுக்காகவே எழுதப்பட்டவை.

யாருக்கு இது சரிப்படாது?

‘எல்லாரும் லினக்ஸுக்கு மாறுங்கள்’ என்று சொல்வது எளிது. ஆனால், எல்லோருக்கும் பொருந்தாது. டேலியில் கணக்கு எழுதும் கடைக்காரர், போட்டோஷாப்பை நம்பியிருக்கும் ஸ்டூடியோ, பேஜ்மேக்கரில் கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கும் அச்சகம் - இவர்களுக்கு விண்டோஸை விட்டு வருவது கஷ்டம். ‘வைன்’ போன்ற ஏற்பாடுகளின் மூலம் விண்டோஸ் மென்பொருள் சிலவற்றை லினக்ஸில் ஓட்டலாம்தான். ஆனால், பிழைப்பே அதில் இருக்கும்போது ‘சில நேரம் ஓடும்’ என்பது போதாது. டிஜிட்டல் கையொப்ப டாங்கிள் வைத்திருப்பவர்களும் அது லினக்ஸில் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டே இறங்க வேண்டும். ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளோடு வரும் ஆன்லைன் விளையாட்டுகள் பலவும் லினக்ஸில் ஓடாது.

பிரவுசர், மின்னஞ்சல், வாட்ஸ்அப் வெப், யூடியூப், பாடம் தட்டச்சு செய்வது, அரசுத் தளங்களில் விண்ணப்பிப்பது - இவ்வளவுதான் வேலை என்றால், மாறியதே ஒரு வாரத்தில் மறந்துபோகும். வீட்டில் இருக்கும் பழைய லேப்டாப்களில் கணிசமானவற்றுக்கு வேலையே இதுதான்.

அரசுகள் என்ன செய்கின்றன?

பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. கேரள அரசுப் பள்ளிகள் ஏறக்குறைய 20 ஆண்டுகளாகத் திறந்தமூல மென்பொருளில்தான் கணினிப் பாடம் நடத்துகின்றன. பாடநூல், ஆசிரியர் பயிற்சி, தேர்வு எல்லாம் அதற்கேற்பவே அமைக்கப்பட்டன. நம் ஊரில் கதை வேறு. 2011 செப்டம்பரில் ஜெயலலிதா தொடங்கிவைத்த இலவச லேப்டாப் திட்டத்தில், விண்டோஸோடு ‘பாஸ்’ லினக்ஸும் சேர்த்தே கொடுக்கப்பட்டது. ‘பாஸ்’ சென்னை சி-டாக் உருவாக்கியது. நம் ஊர்த் தயாரிப்பு என்றே சொல்லலாம். ஆனால், கணினியைத் திறந்ததும் எதைத் தேர்ந்தெடுப்பது, ஏன் தேர்ந்தெடுப்பது என்று சொல்லிக்கொடுக்க வகுப்பறையில் ஏற்பாடு இல்லாதபோது, பழகிய விண்டோஸையே எல்லோரும் அழுத்தினார்கள். மென்பொருளைக் கொடுத்தால் போதாது, பாடமாக்க வேண்டும் என்பதுதான் இரண்டு மாநிலங்களுக்கும் உள்ள வித்தியாசம்.

ஜெர்மனியிலும் இரண்டு கதைகள். மியூனிக் நகராட்சி 2000-களில் லினக்ஸுக்கு மாறத் தொடங்கி, சுமார் 15,000 கணினிகளை மாற்றி முடித்த பிறகு, 2017-இல் விண்டோஸுக்கே திரும்புவது என்று முடிவெடுத்தது. அதே நாட்டின் ஷ்லேஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலமோ, சுமார் 30,000 அரசுக் கணினிகளைத் திறந்தமூல மென்பொருளுக்கு மாற்றப்போவதாக 2024-இல் அறிவித்தது. முதலில் லிப்ரே ஆபீஸ், அடுத்து மின்னஞ்சல், இயங்குதளம் கடைசியில் என்று படிப்படியாகப் போகிறது. செலவைக் குறைப்பது ஒரு காரணம்தான். அரசின் ஆவணங்கள் வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் பிடியில் இருக்கக் கூடாது என்பது அதைவிடப் பெரிய காரணம். இந்தியப் பாதுகாப்பு அமைச்சகம் 2023-இல் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட ‘மாயா’ இயங்குதளத்தைக் கொண்டுவந்ததற்குப் பின்னாலும் இதே பாதுகாப்புக் கவலை இருந்தது.

ஓபன் சோர்ஸ் என்றாலே பாதுகாப்பா?

அப்படிச் சொல்ல முடியாது. 2024 மார்ச் 29 அன்று வெளிவந்த ‘எக்ஸ்இசட்’ விவகாரம் லினக்ஸ் உலகத்தையே உலுக்கியது. கோப்புகளைச் சுருக்கும் சின்ன மென்பொருள் அது. அதைத் தன்னார்வலர் ஒருவர் சம்பளம் இல்லாமல் பராமரித்துவந்தார். உதவுவதாக வந்த ‘ஜியா டான்’ என்ற பெயருடைய ஒரு கணக்கு, இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக நம்பிக்கையைச் சம்பாதித்து, கடைசியில் அதற்குள் ரகசியக் கதவு ஒன்றைச் செருகிவிட்டது. சர்வர்களுக்குள் திருட்டுத்தனமாக நுழைவதற்கான கதவு.

கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட். சர்வருக்குள் நுழைய வழக்கத்தைவிடச் சுமார் அரை விநாடி தாமதமாகிறதே என்று சந்தேகப்பட்டு, நிரலைத் தோண்டிப் பார்த்தார். அவர் வேலை பார்ப்பது மைக்ரோசாஃப்டில்! பெரும்பாலான லினக்ஸ் பதிப்புகளின் நிலையான வெளியீடுகளுக்குள் அது நுழைவதற்கு முன்பே தடுக்கப்பட்டது.

இதை இரண்டு விதமாகவும் படிக்கலாம். திறந்திருந்ததால்தான் யாரோ ஒருவர் தோண்டிப் பார்க்க முடிந்தது. அதே சமயம், உலகமே நம்பியிருக்கும் ஒரு மென்பொருளைச் சம்பளமே இல்லாத ஒருவர் தலையில் கட்டிவைத்திருந்ததும் உண்மை. ‘இலவசம்’ என்பதற்குப் பின்னால் யாரோ ஒருவருடைய உழைப்பு இருக்கிறது. அதைக் கோடிகளில் சம்பாதிக்கப் பயன்படுத்தும் நிறுவனங்கள் அதற்குப் பணம் கொடுக்காதவரை இந்த ஆபத்து தீராது.

லினக்ஸும் எல்லா பழைய கணினிகளையும் என்றென்றைக்கும் காப்பாற்றாது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13, பழைய 32-பிட் கணினிகளுக்கான நிறுவல் வசதியைக் கைவிட்டது. ஆனால், அவை 15, 20 வருஷப் பழசு. எட்டு வருஷ லேப்டாப்பை ஒதுக்குவதற்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு.

சரி, இப்போ என்ன பண்றது?

1. முதல் வேலை பேக்கப். போட்டோ, சான்றிதழ், கணக்குக் கோப்பு எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்துவையுங்கள். எந்த வழியில் போனாலும் இது கட்டாயம்.

2. விண்டோஸ் 11 தகுதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மாறிவிடுங்கள்.

3. தகுதியில்லை, ஆனால் விண்டோஸ் மென்பொருளை விட முடியாது என்றால், நீட்டிப்பு உள்ளவரை அதில் சேருங்கள். அதற்குள் புது கணினிக்குத் திட்டமிடுங்கள்.

4. பிரவுசர் வேலைதான் என்றால், பென் டிரைவில் லினக்ஸ் மின்ட் ஓட்டிப் பாருங்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டால், அதே லேப்டாப் வேறு லேப்டாப் மாதிரி ஓடும்.

5. விற்பதாக இருந்தால், ஹார்ட் டிஸ்க்கை முழுதாக அழித்துவிட்டுக் கொடுங்கள்.

சட்டமும் பேச வேண்டும்

தனி நபர்கள் லினக்ஸுக்கு மாறுவதால் மட்டும் இந்தப் பிரச்சினை தீராது. ஏனென்றால், நாளை இதே கதைதான் போனுக்கும் டிவிக்கும். ஐரோப்பிய ஒன்றியம் இதைச் சட்டமாகவே பேசத் தொடங்கிவிட்டது. 2025 ஜூன் 20 முதல் அங்கே சந்தைக்கு வரும் ஸ்மார்ட்போன்களுக்கு, அந்த மாடலின் விற்பனை நின்ற நாளிலிருந்து குறைந்தது 5 ஆண்டுகள் இயங்குதள அப்டேட் கொடுக்க வேண்டும் என்பது விதி. இந்தியாவில் ‘பழுதுநீக்கும் உரிமை’க்காக மத்திய அரசு 2022-இல் ஒரு இணையதளத்தைத் தொடங்கியது. ஸ்பேர் பார்ட்ஸ், சர்வீஸ் விவரங்கள் பற்றி அது பேசுகிறது. நல்ல தொடக்கம்தான். ஆனால், திரையும் பேட்டரியும் கிடைத்து, அப்டேட் கிடைக்கவில்லை என்றால் பொருள் செத்ததுதான்.

ஃப்ரிட்ஜ் வாங்கும்போது நட்சத்திரக் குறியீட்டைப் பார்க்கிறோம். எவ்வளவு கரன்ட் பிடிக்கும் என்று அட்டையிலேயே எழுதியிருக்கிறது. ‘இந்த லேப்டாப்புக்கு இந்த ஆண்டு வரை அப்டேட் வரும்’ என்றும் அதேபோல் பெட்டியில் எழுத வைக்க முடியாதா? எழுதியிருந்தால், 2018-இல் தள்ளுபடிக்கு ஆசைப்பட்டுப் பழைய மாடலை வாங்கியவர், அந்த விலைக்கு எத்தனை வருஷம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டுவிட்டு வாங்கியிருப்பார்.